ஆமாஞ்சாமியின் கண்ணாடி வீடு

கண்ணாடிக்காரர் வீட்டில் ஓர் ஓணான் இருந்தது. வேலியில் ஓடுகிற ஓணான் இல்லை, வளர்ப்பு ஓணான். மணல் நிறம், முழங்கை நீளம், தாடைக்குக் கீழே முள்முள்ளாக ஒரு தாடி. அதனிடம் எதைக் கேட்டாலும் தலையை மேலும் கீழும் ஆட்டும்.

"இன்னிக்கு மழை வருமா?"

ஆட்டும்.

"மழை வராதுதானே?"

அதற்கும் ஆட்டும்.

அதனால் அதற்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தாள் வாண்டு.

வாண்டு, கண்ணாடிக்காரரின் ஒரே மகள். ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு நல்ல பெயர் உண்டு. வீட்டில்தான் அது யார் வாயிலும் சட்டென்று வராது.

கீழே கடை, மேலே வீடு. கடையில் அப்பா கண்ணாடி வெட்டுவார். அம்மா படங்களுக்குச் சட்டம் அடிப்பாள். அம்மாவின் தம்பி, அதாவது வாண்டுவின் மாமா, வேன் ஓட்டுவார். வெட்டிய கண்ணாடியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. போகிற வழியில் எல்லாரையும் கேலி செய்வதும் அவர் வேலைதான், அதற்குச் சம்பளம் மட்டும் கிடையாது.

ஆமாஞ்சாமியைக் கொண்டுவந்ததும் மாமாதான். வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒருவர் அதை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு அவர் தலையில் கட்டிவிட்டார்.

"வாண்டு, உனக்கு ஒரு தம்பி கொண்டாந்திருக்கேன். தாடி மட்டும் கொஞ்சம் சீக்கிரமே முளைச்சிடுச்சு" என்றார் மாமா.

அப்பா அட்டைப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். "கண்ணாடிக்காரன் வீட்டு ஓணான் அட்டைப் பெட்டியில இருந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார். கடையிலேயே உயர்ந்த கண்ணாடியை எடுத்து நாலு பக்கமும் வைத்தார். மேலே மூடியும் கண்ணாடிதான். மூடியில் காற்றுப் போக வரிசையாகத் துளை போட்டார். வீடு தயாரானதும் மாடியில் பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தார். தெருவில் ஓயாமல் லாரி போகும், தூசி வரும் என்பதால் அந்த ஜன்னலை யாரும் திறப்பதில்லை. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதன் வழியாக வெயில் வந்து விழும்.

வேடிக்கை பார்க்க வந்த தபால்காரர் ஓணானைத் தொடப்போய் விரல் மடங்கக் கண்ணாடியில் குத்திக்கொண்டார்.

"அட! நடுவுல கண்ணாடி இருக்கா?"

அப்பாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "நல்ல கண்ணாடின்னா அப்படித்தான் சார். அது இருக்கிறதே தெரியக் கூடாது."

தினமும் காலையில் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிடுவார்.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு ஒருநாள், வாண்டு ஒரு வெட்டுக்கிளியை உள்ளே விட்டபோது, ஆமாஞ்சாமி அதை எட்டிப் பிடிக்கப் பார்த்து அப்படியே வயிறு தரையில் பட உட்கார்ந்துவிட்டது. முன்னங்கால் வெடவெடவென்று நடுங்கியது. வெட்டுக்கிளி அதன் மூக்குக்கு முன்னாலேயே நடந்து போனது.

"ஆமாஞ்சாமி, பசிக்குதா?"

தலை ஆடவில்லை.

"வயசாயிடுச்சு போல. நாளைக்கு ஒரு கைத்தடி வாங்கிட்டு வரேன்" என்றார் மாமா.

"டேய், புள்ள மூஞ்சியப் பாரு. இப்பவா கேலி?" என்றாள் அம்மா.

மாமா பார்த்தார். உடனே வேனை எடுத்தார்.

விலங்கு மருத்துவமனையில் ஒரே கூச்சல். ஒரு நாய் பூனையைப் பார்த்துக் குரைத்தது. பூனை யாரையும் மதிக்காமல் தூங்கியது. ஓணான் டாக்டர் அம்மா மட்டும் நிதானமாக இருந்தார். ஆமாஞ்சாமியை மேசையில் வைத்து முதுகெலும்பைத் தடவினார், கால்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். கடைசியாகத் தாடையை விரலால் லேசாக அழுத்தினார். ரப்பர் மாதிரி அது உள்ளே போனது.

"எலும்பு மெலிஞ்சுபோச்சு. உடம்புல சுண்ணாம்புச்சத்து சேரல. இந்த மாதிரி பிராணிகளுக்கு அடிக்கடி வர்ற நோய்தான். சாப்பாட்டுல சத்து இருந்தா மட்டும் போதாது. வெயில் மேல பட்டாத்தான் உடம்பு அந்தச் சத்தை எடுத்துக்கும். இதுக்கு வெயில் கிடைக்குதா?"

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்லதான் டாக்டர் இருக்கு" என்றார் அப்பா.

"நேரா மேல படுதா? குறுக்கே ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். தினம் நானே பார்க்கிறேன்."

அப்பா பொய் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார்.

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "அப்படின்னா ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குப் புரியல." ஒரு சொட்டு மருந்தும், வெட்டுக்கிளி மேல் தூவிக் கொடுக்கச் சுண்ணாம்புச்சத்துப் பவுடரும் எழுதிக் கொடுத்தார். "பார்ப்போம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். எலும்பு ஒடிய ஆரம்பிச்சிட்டா இது எழுந்து நிக்கிறது கஷ்டம். சாப்பிடவும் முடியாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓணான் இருந்த அட்டைப் பெட்டியை மடியிலிருந்து இறக்காமலே வந்தாள் வாண்டு.

வெட்டுக்கிளிகள் முகமெல்லாம் பவுடர் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியது போல உள்ளே போயின. ஆமாஞ்சாமி அவற்றைப் பார்த்தது, அவ்வளவுதான். வாண்டு இடுக்கியால் எடுத்து வாய்க்குள் வைத்தால் மென்றது. ஒரு வாரம் போனது. நடுக்கம் குறையவில்லை. பின்னங்கால் ஒன்று வில் மாதிரி வளையத் தொடங்கியது.

சனிக்கிழமை மாமா ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை டெலிவரி கொடுக்கப் போனார். வாண்டுவையும் கூட்டிக்கொண்டார். வீட்டில் இருந்தால் அவள் ஓணானையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அம்மா ஏற்பாடு செய்தது அது.

வேன் ஒரு சிக்னலில் நின்றது. மாமாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்மேல் இருந்தன. வாண்டு பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"மாமா, ஏன் உங்க ஒரு கை மட்டும் கறுப்பா இருக்கு?"

"ஜன்னல் பக்கத்துக் கை இல்லியா அது? எந்நேரமும் வெளிய தொங்கப் போட்டுத்தானே ஓட்டுறேன். வெயில் வறுத்தெடுத்திடுச்சு."

"இந்தக் கையிலயும்தான் வெயில் விழுது."

உண்மைதான். முன் கண்ணாடி வழியாக வெயில் பளீரென்று அந்தக் கைமேல் விழுந்திருந்தது. வாண்டு தொட்டுப் பார்த்தாள், சுட்டது.

"வெளிச்சமும் விழுது, சுடவும் சுடுது. அப்புறம் இது மட்டும் ஏன் கறுக்கல?"

"இது உள்ள இருக்கிற கை வாண்டு. கண்ணாடி இருக்கில்ல குறுக்கே..."

மாமா பாதியில் நிறுத்தினார். வாண்டுவும் அவரையே பார்த்தாள். பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது.

வேனை ஓரமாக நிறுத்தி, மாமாவின் போனில் வாண்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், நான் ஓணான் வீட்டுப் பொண்ணு. ஒரு சந்தேகம். கண்ணாடி இருந்தா அதுவும் குறுக்கே இருக்குன்னு கணக்கா?"

"எந்தக் கண்ணாடி?"

"ஆமாஞ்சாமி வீட்டுக் கண்ணாடி. அப்புறம் ஜன்னல் கண்ணாடி."

அந்தப் பக்கம் டாக்டரின் குரல் உயர்ந்தது.

"ஏம்மா, இதைத்தானே நான் அன்னிக்குத் திரும்பத் திரும்பக் கேட்டேன்! வெயில்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கு. அதுதான் அதுக்கு மருந்து. கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், அந்தக் கதிரை மட்டும் விடாது. உங்க அப்பா ஏன் சொல்லல?"

"அப்பாவுக்குத் தெரியாது டாக்டர்."

"என்ன தெரியாது?"

"நடுவுல கண்ணாடி இருக்கிறது."

டாக்டர் ஏதோ சொல்ல வந்து, இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார். பிறகு மளமளவென்று சொன்னார்: கண்ணாடிப் பெட்டியோடு வெயிலில் வைத்தால் ஓணான் வெந்துவிடும், கம்பி வலைக் கூண்டுதான் வேண்டும், கூண்டில் பாதி நிழல் இருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். மழை நாளுக்கென்று தனியாக ஒரு விளக்கு விற்கிறது. அதையும் கண்ணாடிக்கு வெளியே வைக்கக் கூடாது.

போனை வைத்ததும் மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடடா! ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுற மச்சான் கண்ணுக்கு அவர் போட்ட கண்ணாடியே தெரியலியே! இதை நான் ஆயுசுக்கும் விடமாட்டேன்."

"மாமா" என்றாள் வாண்டு. "அப்பாகிட்ட காட்டுறதுக்கு உங்க கை வேணும்."

"தாராளமா."

"கையை மட்டும் குடுங்க. வாய் வேண்டாம்."

மாமா அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. மாமா உதட்டில் பூட்டுப் போட்டுச் சாவியை ஜன்னல் வழியாக வீசுவது போலச் செய்தார்.

கடையில் அப்பா ஒரு பெரிய கண்ணாடியை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டும்போது யாரும் பேசக் கூடாது. வாண்டு காத்திருந்தாள். 'டக்'கென்று கண்ணாடி இரண்டாகப் பிரிந்ததும், மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன வாண்டு இது? மாப்ள கையை வெட்டணுமா?"

"பாருங்கப்பா. இது ஜன்னலுக்கு வெளிய இருக்கிற கை. இது கண்ணாடிக்கு உள்ள இருக்கிற கை. ரெண்டுலயும் வெயில் விழுது."

அப்பா பார்த்தார். கண்களைச் சுருக்கிக்கொண்டு, கண்ணாடியில் கீறல் தேடுகிற மாதிரி, வெகுநேரம் பார்த்தார். மாமாவின் கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு வந்தன. பாவம், வார்த்தைகளையெல்லாம் உள்ளே அடைத்து வைத்திருந்தார்.

"டாக்டர்கிட்டயும் கேட்டேன்பா" என்று மெல்லச் சொன்னாள் வாண்டு. "நம்ம கண்ணாடி ரொம்பச் சுத்தம். அதனாலதான் நம்ம யாருக்கும் தோணல."

அப்பா கையிலிருந்த கருவியை வைத்தார். விறுவிறுவென்று மாடிப்படி ஏறினார். மேலே தடதடவென்று சத்தம் கேட்டது. வாண்டு ஓடிப் போய்ப் பார்த்தாள். அப்பா அந்தப் பெரிய ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பழைய பெயிண்டில் ஒட்டிப்போயிருந்த கதவு, ஒரு பெருமூச்சோடு திறந்தது. லாரிச் சத்தமும் தூசியும் வெயிலும் ஒன்றாக உள்ளே வந்தன.

"என் கையாலயே அதுக்கு வெயில் இல்லாமப் பண்ணிட்டேன்" என்றார் அப்பா, திரும்பாமலே.

"வேணும்னு பண்ணலியேப்பா. இப்ப நிக்கிறதுக்கு நேரமில்ல. கூண்டு வேணும்."

கூண்டை அம்மா செய்தாள். படச் சட்டம் அடிக்கிறவளுக்குக் கூண்டு எம்மாத்திரம்? கடையில் விலைபோகாமல் கிடந்தவை பூவேலைப்பாடு போட்ட தங்க நிறச் சட்டங்கள்தான். அவற்றில் கண்ணாடிக்குப் பதிலாகக் கம்பி வலையை இழுத்து அடித்தாள். மூலைகள் நகராமல் அப்பா பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் நேராப் பிடிங்க" என்றாள் அம்மா.

"நேராத்தான் பிடிக்கிறேன்."

"கண்ணாடின்னா இப்படியா பிடிப்பீங்க?"

அப்பா நேராகப் பிடித்தார்.

மறுநாள் காலை, மொட்டை மாடியில் தங்கச் சட்டம் போட்ட கூண்டுக்குள் ஆமாஞ்சாமி, ஏதோ ராஜா படம் மாதிரி உட்கார்ந்திருந்தது. பாதிக் கூண்டுக்கு ஒரு துண்டைப் போட்டு நிழல் செய்திருந்தாள் வாண்டு. ஒரு காக்கை வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. வாண்டு செருப்பைக் காட்டியதும் பறந்தது.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் அப்பாவே காவலுக்கு உட்கார்ந்தார். கீழே வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். "முதலாளி எங்கே?" என்று கேட்டவர்களிடம் மாமா, "மேல வெயில் காயுறார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, அவ்வளவு தூரம் வாக்கைக் காப்பாற்றினார்.

நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒருநாள் ஆமாஞ்சாமி வயிற்றைத் தரையிலிருந்து தூக்கியது. இன்னொரு நாள் துண்டின் நிழலுக்குத் தானாகவே நடந்து போனது. வளைந்த பின்னங்கால் மட்டும் வளைந்தபடியே இருந்தது.

வெயில் காட்டத் தொடங்கி இரண்டு மாதம் கழித்து மறுபடி டாக்டரிடம் போனார்கள். அவர் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"இது இனிமே நிமிராது. கொஞ்சம் சாய்ஞ்சுதான் நடக்கும். அதனால அதுக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. இப்ப தாடையைப் பார்ப்போம். அசையாமப் பிடிச்சுக்குங்க."

அப்பா ஆமாஞ்சாமியின் கழுத்துப் பக்கம் பிடித்தார். டாக்டர் விரலை நீட்டினார். ஆமாஞ்சாமிக்கு என்ன தோன்றியதோ, டக்கென்று திரும்பி அப்பாவின் கட்டை விரலை 'லபக்' என்று கவ்வியது.

"ஐயோ!" என்றார் அப்பா. கையை உதறவில்லை. கவ்விய வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகம் மாறத் தொடங்கியது.

"வாண்டு! கடிக்குது பாரு!"

வாண்டு எட்டிப் பார்த்தாள். டாக்டரும் குனிந்து பார்த்தார். ஆமாஞ்சாமி விடுவதாக இல்லை.

"அழுத்தமாக் கடிக்குதா? வலிக்குதா?" என்று கேட்டார் டாக்டர்.

"நல்லா வலிக்குது டாக்டர்!" என்றார் அப்பா, வாயெல்லாம் பல்லாக.