துணைக்கு ஒரு ஆளு

பேரு அடிக்கிற கட்டத்துல ஏற்கெனவே ஒரு பேரு இருந்துச்சு.

கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கிற ஹனிபா பாய் இப்பத்தான், அந்தோணி பிரபு கண்ணு முன்னாலதான், சிடி மேல சுத்தியிருந்த தாளை நகத்தால கிழிச்சு, கம்ப்யூட்டர்ல போட்டு, கேமை ஏத்தி விட்டுட்டு கவுண்டருக்குப் போனாரு. வாளைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போயி சண்டை போடுற புது கேமு. ஹீரோவுக்கு ஒரு பேரு, அவன் பின்னாலயே வர்ற துணையாளுக்கு ஒரு பேரு, ரெண்டையும் நாமதான் அடிக்கணும். ஹீரோ கட்டம் காலி. துணையாளு கட்டத்துல 'ஜெரி'.

செத்துப்போன கூட்டாளி பேரு. ரெண்டு வருஷமா பிரபு வாயில வராத பேரு.

"பாய், இதை யாராச்சும் விளையாண்டாகளா?"

"மெட்ராஸ்ல இருந்து காலையிலதானப்பா பார்சல் வந்துச்சு! ஒரு மணி நேரம் போட்டுப் பாரு, பிடிச்சா எடு. சிங்கப்பூர்க்காரரு ஒரு சிடிக்குப் போயி இம்புட்டு யோசிக்கிறீகளே!"

பிரபு சிரிச்சு வச்சான். அவனுக்கில்ல, தங்கச்சி அனிதாவுக்கு. சிங்கப்பூர்ல கப்பல் பட்டறை வேலை, லீவுல வந்தவன் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தான். "நல்லா இருந்தா வாங்கிட்டு வாண்ணே. பேய் கீய் வந்தா வேணாம், அப்புறம் உன்னையத்தான் எழுப்புவேன்"னு சொல்லி அனுப்பியிருந்தா. வீட்டுக்குள்ள எதைக் கொண்டு போறோம்னு பார்க்கத்தான் உக்காந்திருக்கான். ஹீரோ கட்டத்துல பிரபுன்னு அடிச்சான், ஜெரின்னு இருந்ததை அழிச்சுட்டு அனிதான்னு அடிச்சான். எந்த ஜெரியோ, எவன் வச்ச பேரோ.

மதியம் மூணு மணி. ஏசி ரூம்ல ஜன்னல் கிடையாது, செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் வரணும், கால் வைக்கிற இடமெல்லாம் கம்பளத்துல ஈர வாசமும் புது பிளாஸ்டிக் வாசமும் கலந்து கிடந்துச்சு. துணி போட்டு மூடியிருந்த மத்த கம்ப்யூட்டரெல்லாம் தலையில முக்காடு போட்டுக்கிட்டு வரிசையா உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. கேமு நல்லாத்தான் இருந்துச்சு. வாள் வீசுனா காத்துச் சத்தம் தனியாக் கேட்டுச்சு, தீப்பந்தம் அசைஞ்சா நிழலும் அசைஞ்சுச்சு, வில்லை வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு ரெண்டடி தள்ளிப் பின்னாலயே வந்துச்சு. அனிதாவுக்குப் பிடிக்கும். வாங்கிரலாம்னுதான் நினைச்சான்.

அப்புறந்தான் காலடிச் சத்தத்தைக் கவனிச்சான்.

ஹீரோ நடந்தா டக், டக். பின்னால வர்ற காலு அப்புடி இல்ல. ஒரு அடி வச்சு, இன்னொன்னை இழுத்துச்சு. டக், சர்ர்ர். ஸ்பீக்கர் கோளாறுன்னு சத்தத்தைக் குறைச்சான், சத்தம் குறையல, ஸ்பீக்கர்ல இருந்து இறங்கி நாற்காலிக்குப் பின்னால வந்துருச்சு. திரும்பிப் பார்த்தான். கம்பளம். முக்காடு. யாருமில்ல. ஆனா மூடின ரூமுக்குள்ள எங்கிட்டு இருந்தோ டீசல் வாசம்.

ஸ்க்ரீன்ல வில்லு வச்ச பொண்ணைக் காணோம். அந்த இடத்துல ஒரு ஆம்பளை, மூஞ்சி பூரா கட்டு. தலைக்கு மேல ஜெரி.

கோட்டை வாசல்ல ஒரு காவல்காரன் வழி மறிச்சான். 'உன் துணையாளுக்கு ஒரு சேதி. எந்தக் கிழமை வரச் சொல்லுவே?' கீழ ரெண்டு பதிலு. புதன். வெள்ளி.

பிரபு மவுசுல இருந்து கையை எடுத்துட்டான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஏஜென்டு இப்புடித்தான் போன் பண்ணினாரு. சிங்கப்பூருக்கு ஒரே ஒரு இடம், அது மரிய ஜெரால்டுக்கு, அதான் ஜெரிக்கு, புதன்கிழமை மதுரைக்கு வரச் சொல்லுங்கன்னாரு. போனை எடுத்தது பிரபு. ஜெரிகிட்ட வெள்ளிக்கிழமைன்னான். புதன்கிழமை அவனே போயி அந்த இடத்தை வாங்கிக்கிட்டான். வெள்ளிக்கிழமை ஜெரி ஏறுன பஸ்சு கீழச்சிவல்பட்டி தாண்டிக் கவுந்துச்சு.

புதனை அமுக்குனான். அம்புக்குறி வெள்ளியில போயி நின்னுச்சு. திரும்பப் புதன். திரும்ப வெள்ளி. நாலு தடவை, அஞ்சு தடவை. கடைசியில அதுவா அமுங்கிக்கிருச்சு.

கட்டுப்போட்டவன் திரும்புனான். இம்புட்டு நேரம் இங்கிலீஷ்ல பேசுன கேமு, இங்கிலீஷ் எழுத்துல தமிழ் பேசுச்சு.

'போயிட்டு வாரேன்னு சொன்னியேடா. எப்ப வர்றே?'

சொன்னான். ஜெரி வீட்டுல சவப்பொட்டிக்குப் பக்கத்துல இருந்து எந்திரிக்கிறப்ப, யாரு மூஞ்சியையும் பார்க்க முடியாத அவசரத்துல, பழக்கத்துல வாயில வந்துருச்சு. போயிட்டு வாரேன்டா. எழவு வீட்டுல அதைச் சொல்லக்கூடாது. சொன்னா திரும்ப வரணும்னு ஆகிரும், பேசாமத்தான் எந்திரிச்சுப் போகணும். ஜெரியோட அம்மா யூஜினியா அழுகையை நிறுத்திட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாக.

சுவிட்சை அணைச்சான். அணையல. வயரைப் புடுங்குனான். ஸ்க்ரீன் வெளிச்சம் அப்புடியே இருந்துச்சு. பாய்னு கூப்புட்டான். ஏசி இரைச்சல்ல கவுண்டர் வரைக்கும் கேக்கல.

டக். சர்ர்ர். நாற்காலிக்குப் பின்னால.

'வாரேன்னு சொன்னவன் வரணும். இல்லாட்டி வேற ஆளை அனுப்பணும். பஸ்ல ஒரு சீட்டுதான் இருக்கு.'

கீழ ரெண்டு பேரு எழுதியிருந்துச்சு.

பிரபு.

அனிதா.

அம்புக்குறி பிரபு மேல. பத்து. ஒம்பது. பிடரியில டீசல் மூச்சு. எட்டு. இது கேமுதான். ஏழு. வெறும் பேருதான். நாலு. அடிச்ச பேரு ஒன்னு, அம்புட்டுதான், நிசமா என்ன ஆகப்போகுது. ரெண்டு.

விரலு கீழ இறங்குச்சு.

அனிதா.

அமுக்கிட்டான்.

வெளிச்சம் போச்சு. மூச்சு போச்சு. டீசல் வாசமும் இல்ல. வேர்த்துக் கொட்டிக்கிட்டு கவுண்டருக்கு ஓடுனான்.

"வேணாம் பாய். நல்லா இல்ல."

"என்னப்பா, பேய் கண்ட மாதிரி வர்றே? இந்தா, உங்க அம்மா போன்ல இருக்காக."

"ஏன்டா," அம்மா குரலு நிம்மதியாத்தான் இருந்துச்சு, "அனிதா குடையை விட்டுட்டுப் போயிட்டாடா. பஸ்சு கிளம்பிருச்சா?"

"எந்த பஸ்சும்மா?"

"விளையாடாதடா. மதுரை பஸ்ல ஒரு சீட்டுப் போட்டு வச்சிருக்கேன்னு நீதான ஆளு அனுப்புனே? மூஞ்சி பூராக் கட்டு, பாவம், காலை இழுத்து இழுத்து நடந்துச்சு அந்தப் புள்ள. நான் விடமாட்டேன்னுதான் சொன்னேன். தாளை நீட்டுச்சு. உன் கையெழுத்துல அவ பேரு மட்டும் எழுதியிருந்துச்சு. அப்புறந்தான்டா அனுப்புனேன்."

போனை அப்புடியே போட்டுட்டு ரூமுக்கு ஓடுனான்.

ரூமுக்குள்ள, வயரைப் புடுங்கிப் போட்ட கம்ப்யூட்டர்ல, பஸ்சு ஓடுற சத்தம்.

ஸ்க்ரீன் பூரா ஒரு ஜன்னலு. ஜன்னலோரம் அனிதா. பக்கத்து சீட்டுல அவன், மூஞ்சிக் கட்டை ஒவ்வொரு சுத்தா, அவசரமே இல்லாம அவுத்துக்கிட்டு இருந்தான். அவ அந்தப் பக்கம் பார்க்கல. அண்ணே, அண்ணேன்னு வாய் மட்டும் அசைஞ்சுச்சு. கண்ணாடிக்கு உள்பக்கம் அவ உள்ளங்கை, அஞ்சு விரலும் வெளுத்துப்போயி, ஸ்க்ரீன்ல அப்பியிருந்துச்சு.