அசைந்தது மட்டும்

ஆளில்லாத விமானி இருக்கையில் ஒரு புருவம் தெரிந்தது.

திரையில் நகக்கண் அளவுக் கட்டம். சுற்றிலும் வெறும் இருக்கை, வெயில் விழுந்த கண்ணாடி. குளிர்சாதனத்தின் ஓயாத முனகலும் சூடேறிய ஒயர்களின் வாடையும் நிறைந்த கட்டுப்பாட்டு அறையில், அவள் படத்தை அழித்துவிட்டு முழுதாக மறுபடி வரவழைத்தாள். புருவம் போய்விட்டது. பழைய படத்தின் மிச்சம் என்று சொல்லிக்கொண்டாள். பழையது யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

அறையில் அவளுக்கு 'சிக்கனம்' என்று பெயர். சோதனை விமானத்திலிருந்து தரைக்கு வரும் அலைவரிசை குறுகலானது. நூற்றுக்கணக்கான அளவீடுகள் அதற்குள் முட்டி மோதும். விமானியைக் காட்டும் கேமரா, படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து அசைந்தவற்றை மட்டும் அனுப்பினால் போதும், மற்றவை பழையபடியே திரையில் நிற்கட்டும் என்பது அவள் யோசனை. இன்னும் மிச்சம் பிடிக்கச் சின்ன அசைவுகளையும் தள்ளிவிட்டாள். போன சோதனையில், புருவம் நரைத்த மூத்த விமானி ஆக்சிஜன் குறைந்து மெல்ல, மிக மெல்லச் சரிந்தார். அவ்வளவு மெதுவான சரிவை அவள் கணக்கு அசைவாகவே எடுத்துக்கொள்ளவில்லை. விமானம் மண்ணில் மோதும்வரை திரையில் அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

விசாரணையில் கேமரா பழுது என்றாள். கேமராவை மாற்றினார்கள். கணக்கை அவள் மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள்.

இன்று புது விமானத்தில் அவள் கணவனின் தம்பி.

"அண்ணி, நான் அழகா தெரியறேனா?" ஹெட்செட்டில் அவன் குரல்.

"பாதி மூஞ்சிய மாஸ்க் மறைக்குது. அதனால பரவாயில்ல."

சிரித்துக்கொண்டே ஏறினான். மேலே, இன்னும் மேலே. கட்டங்கள் ஒவ்வொன்றாக மாறின: தோள், ஆக்சிஜன் குழாய், கன்னம். இடது கண்ணுக்கு மேலிருந்த கட்டம் மாறியபோது அவள் விரல்கள் அப்படியே நின்றன.

நரைத்த புருவம். கொழுந்தனுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

முழுப்படம் கேட்டாள். வரவில்லை. அலைவரிசையில் இடமில்லை.

"சிக்கனம், பையன் எப்படி இருக்கான்?" பின்னாலிருந்து தலைமைப் பொறியாளர்.

படத்தை நம்பாதீங்க சார், இறக்கிடுங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் அடுத்த கேள்வி: அப்போ போன தடவை? முகம் சுட்டது. காதுமடல்வரை சுட்டது.

"நிமிர்ந்துதான் இருக்கான் சார்."

"சரி. இன்னும் ஏறச் சொல்றேன்."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு அதுவும் மெலிந்தது.

"இறக்குங்க." அவள் பின்னால் திரும்பினாள். "சார், படம் பொய். போன தடவையும்…"

அவர் மைக்கில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதிலில்லை.

கட்டங்கள் மாறின. வலது கண். நெற்றி. மூத்தவரின் முகம். நிமிர்ந்து. அவளையே பார்த்து.

மூத்தவரின் தோளில் இன்னொரு ஹெல்மெட் சாய்ந்திருந்தது. ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய இருக்கை.

பிறகு எல்லாம் நின்றது. ஒரே ஒரு கட்டம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. கையுறை அணிந்த கை. குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் அந்த ஹெல்மெட்டைச் சீராகத் தட்டிக்கொண்டிருந்தது.