எந்த மரம் இருந்த இடம்?

அம்மாவின் இரண்டு கைகளும் மக்காச்சோள மாவில் புதைந்திருந்தபோதுதான் ஃபோன் அடித்தது.

“எடு இதானியா. மாமாவாத்தான் இருக்கும். நீயே வழி சொல்லிடு,” என்றாள் அம்மா.

எவெனோர் மாமாவை இதானியா பார்த்ததே இல்லை. அவள் பிறப்பதற்கு முன்பே, அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு கோஸ்டாரிகாவுக்கு மெக்கானிக் வேலைக்குப் போனவர். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. போன வாரம்தான் அம்மா தானாகவே கூப்பிட்டு, ஒரு தடவை வந்துவிட்டுப் போடா என்று அழுதாள்.

“மருமகளா? மனாகுவா வந்து இறங்கிட்டேன். ஃபோன்ல சார்ஜ் இல்ல, சீக்கிரம் சொல்லு. உங்க வீடு எங்க இருக்கு?”

எங்கள் மனாகுவாவில் வழி சொல்வது சுலபம். தெருப் பெயரையும் கதவு எண்ணையும் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தைச் சொல்லி, அங்கிருந்து ஏரிப் பக்கமா, சூரியன் மேலே ஏறி வருகிற கிழக்குப் பக்கமா என்று சொன்னால் போதும்; கிழக்கை இங்கே ‘மேலே’ என்போம். அந்த இடம் இப்போது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இடிந்துபோன சினிமாக் கொட்டகையை வைத்துக்கூட வழி சொல்கிற ஊர் இது.

“நம்ம பேட்டையிலதான் மாமா. பெரிய மரம் இருந்த இடத்திலேருந்து ஏரிப் பக்கமா ரெண்டு தெரு, மேல ஒரு தெரு.”

“புரிஞ்சுது, புரிஞ்சுது. உங்கம்மாகிட்ட சொல்லு, அவ முகம் குடுத்துப் பேசலேன்னா சாயங்கால பஸ்ஸுல திரும்பிடுவேன்,” என்று மாமா சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் ஃபோன் அணைந்துவிட்டது. கதவு நீல நிறம் என்று சொல்ல வந்தது இதானியாவின் வாயிலேயே நின்றது.

அம்மா மாவை வாழை இலையில் வைத்து, பன்றிக்கறித் துண்டுகளைப் பதித்து, நக்கதமால் பொட்டலங்களாகக் கட்டி அடுப்பில் ஏற்றினாள். அவை வெந்து வாசனை வந்தது. மாமா வரவில்லை. அம்மா புதுச் சட்டை மாற்றிக்கொண்டாள். அப்போதும் வரவில்லை.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அம்மாவுக்குக் கவலை வந்தால் இடது காதைத் தடவிக்கொண்டே இருப்பாள். அன்று அந்தக் காது சிவந்தே போயிற்று.

“நீ ஒழுங்காத்தானே வழி சொன்ன?”

“ஒழுங்காத்தாம்மா சொன்னேன். மரம் இருந்த இடத்திலேருந்துன்னு சொன்னேன்.”

“சரியாத்தான் சொல்லியிருக்க.” அம்மா அடுப்பை அணைத்தாள். “அவனுக்குக் கோபம் இன்னும் போகல. பாதி வழியில மனசு மாறியிருக்கும்.”

இதானியா வாசலுக்கு வந்தாள். தேடிப் போக அப்பாவும் ஊரில் இல்லை; லாரியோடு ஹோண்டுராஸ் போயிருந்தார். வாசலில் நின்று மருந்துக்கடைப் பக்கம் பார்த்தாள். அங்கே நின்ற பெரிய சிலமாத்தே மரத்தைப் போன வருடம்தான் மின்சாரக் கம்பிக்கு இடைஞ்சல் என்று வெட்டினார்கள். இப்போது அந்த இடத்தில் வெறும் தரையும் ஒரு நாயும்தான்.

போன வருடம்தான்.

“அம்மா, மாமா ஊரை விட்டுப் போனப்ப மருந்துக்கடை மரம் இருந்துச்சா?”

“ஏன் இல்லாம? அதுல சாஞ்சுக்கிட்டுதான் பஸ்ஸுக்கு நின்னான்.”

“அப்போ மாமாவைப் பொறுத்தவரைக்கும் அது இன்னும் அங்கதான் நிக்குது. நான் மரம் இருந்த இடம்னு சொன்னா, அவர் வேற மரத்தைத்தான நெனப்பாரு? அப்பவே இல்லாமப் போன மரம் எதும்மா?”

அம்மாவின் கை காதிலிருந்து கீழே இறங்கியது. “குவானகாஸ்தே மரம். நாங்க சின்னப் பசங்களா இருக்கும்போது புயல்ல விழுந்துச்சு. கால்வாய்க்கு அந்தப் பக்கம், இப்ப டயர்க் கடை இருக்கே, அங்க.”

“அம்மா, நீ வீட்லயே இரு. அவர் இங்க வந்தா கதவு பூட்டியிருக்கக் கூடாது,” என்று சொல்லிக்கொண்டே இதானியா ஓடினாள்.

மழை தொடங்கிவிட்டது. கால்வாயில் மலைத் தண்ணீர் செந்நிறமாகச் சுழித்துக்கொண்டு போனது. நடைபாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் கடந்தாள். சாயங்கால பஸ் இந்நேரம் புறப்பட்டிருக்குமோ என்று நினைத்தபோது கால்கள் இன்னும் வேகமாக ஓடின.

டயர்க் கடை. ஏரிப் பக்கம் இரண்டு தெரு. மேலே ஒரு தெரு.

அங்கே ஐஸ் விற்கிற தோன் ஃபெர்மினின் வீடு இருந்தது. கதவைத் திறந்துகொண்டு, சிவப்புக் கருவிப்பையைத் தோளில் மாட்டிய ஒருவர் வெளியே வந்தார். மழையைப் பார்த்து நின்றார். அவருடைய கை இடது காதைத் தடவிக்கொண்டிருந்தது.

“எவெனோர் மாமாவா?” என்றாள் இதானியா, மூச்சு வாங்க.

“நீ யாரும்மா?”

“இதானியா.”

“நீ உள்ள தூங்குறதாச் சொன்னாங்களே?” மாமா குழம்பிப்போய்த் திரும்பிப் பார்த்தார். பின்னாலேயே தோன் ஃபெர்மின் ஓடி வந்தார்.

“மாஸ்டர், இருங்க. அவ சந்தையிலேருந்து இப்ப வந்துடுவா.”

“இதையேதான் ரெண்டு மணி நேரமாச் சொல்றீங்க மச்சான். அவளுக்கு என்னைப் பார்க்க இஷ்டமில்ல. எனக்குப் புரியுது. நான் பஸ்ஸுக்குப் போறேன்.”

“தோன் ஃபெர்மின், இவரு எங்க மாமா,” என்றாள் இதானியா.

தோன் ஃபெர்மின் திகைத்தார். “ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்தவர் இல்லையா? காலையிலேருந்து ஒரு ஆளுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். கருவிப்பையோட வந்து நின்னு, ‘வந்துட்டேன்’னு சொன்னாரு. வாங்க வாங்கன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்.”

“அக்கா கல்யாணத்துக்கும் நான் வரல, உங்களைத்தான் அக்கா வீட்டுக்காரர்னு நெனச்சேன்,” என்றார் மாமா மெதுவாக.

“அதான் மச்சான் மச்சான்னு கூப்பிட்டீங்களா? நல்லாப் பழகுற ஆளுன்னு நெனச்சேன். அக்கா எங்கேன்னு கேட்டீங்க, எம்பொண்டாட்டி சந்தைக்குப் போயிருக்கான்னு சொன்னேன். பொண்ணு எங்கேன்னு கேட்டீங்க, எம்பொண்ணு தூங்குறான்னு சொன்னேன்.”

இதானியா மாமாவின் ஈரக் கையைப் பிடித்தாள். “தப்பு என்னோடது மாமா. எந்த மரம்னு நான் சொல்லல. அம்மா காலையிலேருந்து சமைச்சுட்டுக் காத்திருக்காங்க. நீங்க கோபமா இருக்கீங்கன்னு நெனச்சு, இப்பதான் அடுப்பை அணைச்சாங்க.”

மாமா கருவிப்பையை இறுக்கி மாட்டிக்கொண்டார். பிறகு, “நட,” என்றார். தோன் ஃபெர்மின் ஒரு குடையையும், உருகத் தொடங்கிய மூன்று ஐஸ்களையும் கையில் திணித்தார்.

நீலக் கதவு அகலத் திறந்திருந்தது. அம்மா மழையிலேயே நின்றுகொண்டிருந்தாள். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

“நீ வரமாட்டேன்னு நெனச்சேன்டா.”

“நீ பார்க்க மாட்டேன்னு நெனச்சேன்க்கா. உன் வீட்லயே உக்காந்து உன் ஃப்ரிட்ஜை ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தேன்.”

“என் வீட்ல ஏதுடா ஃப்ரிட்ஜ்?”

விஷயம் தெரிந்ததும் அம்மா அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை. மழை வேறு பெய்துகொண்டிருந்தது.

“ரெண்டு பேரும் உள்ள வாங்க. நக்கதமால் ஆறுது,” என்றாள் இதானியா.

மாமா அன்று பஸ்ஸுக்குப் போகவில்லை. மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, “காலையில ரொட்டி வாங்கணும். கடைக்கு எப்படிப் போறது மருமகளே?” என்று கேட்டார்.

“அது ரொம்ப சுலபம் மாமா. பழைய தண்ணித்தொட்டி இருந்த இடத்திலேருந்து…” என்று தொடங்கிய இதானியா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

“வேண்டாம் மாமா. நானே கூட வர்றேன்.”