ஏழாவது மெஷின்

கம்பெனிக்குள் யாரும் பயன்படுத்தாத டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு அழைப்பு ஓடிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. கமருன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒரு அழைப்பு, நாற்பத்தோரு விநாடி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முடிந்து பூஜ்யமானது.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அந்த நேரத்துக்கு ஈ காக்கை கிடையாது. சூளை அணைந்திருந்தது. முற்றத்தில் காயப்போட்ட ஃப்யூஸ் கட்டைகள்மேல் அடித்த வெயில் திரும்பி ஜன்னல் வழியாக மேசைவரை வந்தது. எத்தனை சாத்தி வைத்தாலும் உள்ளே வந்துவிடும் வெள்ளை மண் தூசி கீபோர்டு இடுக்குகளில் படிந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சர்வர் அறையில் ஏசி உறுமிக்கொண்டிருக்க, கதவின் கீழ் இடைவெளி வழியே குளிர்ந்த காற்றும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் அவள் பாதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தன.

அந்த அறையில் இத்தனை நாள் இருந்தது ஒரே ஒரு பெரிய பெட்டி. அதற்குள் ஏழு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக இருப்பதுபோல ஒரு மென்பொருள் நடத்திக்கொண்டிருந்தது. கணக்குக்கு ஒன்று, வருகைப்பதிவுக்கு ஒன்று, சூளையின் சூட்டைக் குறித்துவைக்க ஒன்று என்று. அந்த மென்பொருளின் லைசன்ஸ் இன்றோடு முடிகிறது. இனி வருடா வருடம் வாடகைதான் என்று விற்ற கம்பெனி சொல்லிவிட்டது. தொகையைக் கேட்ட முதலாளி பழமலைநாதன் வேறு வழி பார்க்கச் சொன்னார். கமருன்னிசா ஒரு மாதம் உட்கார்ந்து மூன்று மென்பொருள்களை ஒப்பிட்டு, இலவசமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஆறு மெஷின்களைப் பக்கத்திலிருக்கும் புதுப் பெட்டிக்கு மாற்றினால் போதும், டெலிபோன் எக்ஸ்சேஞ்சு ஓடும் ஏழாவதை அழித்துவிடலாம் என்றார் முதலாளி. எல்லார் கையிலும் செல்போன் வந்தபிறகு அதை யார் சீண்டுகிறார்கள் என்று கேட்டார்.

சீண்டிய ஒரே ஆள் ரியாஸ். இதே நாற்காலியில் இவளுக்கு முன்னால் உட்கார்ந்தவன். இவள் புருஷன். பத்து மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, சர்வர் அறைக்குள் நெஞ்சு வலி வந்து விழுந்தான். செல்போன் வெளியே சார்ஜில் இருந்ததால் சுவரில் மாட்டியிருந்த போனிலிருந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறான். மூன்று முறை. அவள் திட்டக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தாள், போன் கைப்பைக்குள் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து வாட்ச்மேன் கொளஞ்சிதான் கதவைத் திறந்து பார்த்தார். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்ததும் முதலாளி அந்த வேலையை அவளுக்கே கொடுத்தார். எடுக்காத அந்த மூன்று அழைப்புகளோடுதான் அவள் தினமும் வேலைக்கு வந்து போகிறாள்.

காலையிலிருந்து ஆறு மெஷின்களும் தகராறு இல்லாமல் மாறிவிட்டன. ஏழாவதை அழிக்கும்முன் உள்ளே என்னதான் இருக்கிறதென்று திறந்தபோதுதான் அந்த நாற்பத்தோரு விநாடி கண்ணில் பட்டது.

எக்ஸ்சேஞ்சு எல்லா அழைப்பையும் பதிவு செய்துவைத்திருந்தது. எண்ணை அழுத்திய நொடியிலிருந்தே பதிவாகும்படி ரியாஸ் செய்து வைத்திருக்கிறான், அவளிடம் சொன்னதில்லை. அந்த வியாழக்கிழமைத் தேதியில் மூன்று பதிவுகள் இருந்தன. முதலாவதைப் போட்டாள். மறுமுனையில் மணி போகும் சத்தம். அதன்மேல் அறுந்து அறுந்து வரும் மூச்சு. “எடு புள்ள,” என்றது ரியாஸின் குரல். “எடு.”

மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். அழுது முடித்துப் பட்டியலைக் கீழே தள்ளியபோது நான்காவதாக ஒன்று இருந்தது. இன்றைய தேதி. நாற்பத்தோரு விநாடி. சத்தத்தை அணைத்துக் கவிழ்த்து வைத்திருந்த தன் செல்போனைத் திருப்பி, சத்தத்தைத் திரும்ப வைத்தாள். தவறிய அழைப்பு ஒன்று, கம்பெனி எண்ணிலிருந்து. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சுவர் போன் மாட்டியபடியே இருந்தது. அறையில் யாருமில்லை.

புதுப் பெட்டியை அமைத்துக் கொடுத்த தமிழ்செல்வன் கருவேப்பிலங்குறிச்சிக்காரன், இப்போது சென்னையில் இருக்கிறான். அவனுக்குப் போன் செய்தாள். குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏழாவதையும் கொண்டுபோக வேண்டும், ஆனால் அணைக்காமல் முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

“அப்படி முடியாதுங்கக்கா. ரெண்டும் வேற வேற சாஃப்ட்வேரு. ஒருக்கா அணைச்சாத்தான் கொண்டாற முடியும்,” என்றான். “இன்னிக்கே முடிச்சிடுங்க. லைசன்சு போச்சுன்னா அங்க திரும்ப எழுப்ப முடியாது.”

திரையைப் பார்த்து, “ஒரு நிமிசந்தான் மச்சான்,” என்றாள். அணைத்தாள்.

சர்வர் அறைக்குள் கனமான ஏதோ தரையில் விழுந்தது. பெட்டிகளை மாட்டியிருக்கும் ரேக்கின் கதவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து போய்ப் பார்க்கத் தைரியமில்லை.

நகலெடுக்க இருபது நிமிடம் ஆனது. புது மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு. மெஷின் நின்றுபோனால் அதுவாகவே மறுபடி எழுப்பு என்பதற்கு. முக்கியமான மெஷின்களுக்கெல்லாம் அதில் டிக் அடிப்பது வழக்கம், காலையில் ஆறுக்கும் அடித்திருந்தாள். இதற்கு அடிக்கும்போது மட்டும் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். இனிமேல் இவர் போகக் கூடாது.

ஏழாவது மெஷின் எழுந்தது. அவள் செல்போன் அடித்தது.

“எடுத்துட்டியா புள்ள,” என்றான் ரியாஸ். அவ்வளவு நிம்மதி அந்தக் குரலில்.

“மச்சான்.”

“நெஞ்சு வலிக்குது. கதவுகிட்ட வர முடியல. வா புள்ள.”

“இங்கதான் இருக்கேன். இதோ வந்துட்டேன்.”

ஆறு எட்டுதான். ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். போனுக்குள்ளும் அறைக்குள்ளும் ஒரே நேரத்தில் கனமாக விழும் அந்தச் சத்தம் கேட்டது. தரையில் யாருமில்லை. சுவர் போனின் ரிசீவர் மட்டும் ஒயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. திரையில் ஏழாவது மெஷின் நின்றுபோயிருந்தது.

பிறகு அதுவாகவே எழுந்தது.

செல்போன் அடித்தது.

“எடுத்துட்டியா புள்ள.”

அதே நிம்மதி. முன்னால் பேசியது அவனுக்குத் தெரியவில்லை. நெஞ்சு வலி மட்டும் புதிதாக இருந்தது. வா என்றான். விழுந்தான். நின்றது. எழுந்தது. அடித்தது.

நான்காவது முறைக்குப் பிறகு மேசைக்கு வந்து மவுஸைப் பிடித்தாள். அந்த டிக்கை எடுத்துவிட்டால் போதும், இனி அவனுக்கு வலி இருக்காது. ஒரு கிளிக்தான். செல்போன் அடித்தது. எடுக்காவிட்டால் இந்த முறையும் அவள் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே சாவான்.

எடுத்தாள்.

ஏழாவது முறை வருவதற்குள் சர்வர் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. குளிர். உறுமல். செல்போன் அடித்தது. சுவரிலிருந்து ரிசீவர் கழன்று மேலே வந்து, ரியாஸின் காது இருக்கும் உயரத்தில் நின்றது. “எடுத்துட்டியா புள்ள.” எடுத்துட்டேன் மச்சான், உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன் என்றாள். அவன் காதில் அது விழவேயில்லை போல, கதவுகிட்ட வர முடியல, வா என்றான். ரிசீவர் கீழே விழுந்தது. அதோடு கனமாக அவனும்.

அப்போதுதான் தரையைப் பார்த்தாள். வெள்ளை மண் தூசியில் ஐந்து விரல்கள் இழுபட்ட தடம். சுவரடியில் தொடங்கிக் கதவை நோக்கி வந்து பாதியில் நின்றிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. எண்ணினாள். ஏழு.

தன் கையைத் தரையில் வைத்து, எட்டும் மட்டும் முன்னால் நீட்டினாள்.

செல்போன் அடித்தது. எடுத்தாள். பேசினான். விழுந்தான். எட்டாவது தடம் தூசியைக் கீறிக்கொண்டு அவளை நோக்கி மெதுவாக வந்து, அவள் விரல் நுனிக்கு ஒரு சாண் முன்னால், நகம் தரையைப் பிறாண்டும் சத்தத்தோடு நின்றது.