மனிதப் பயன்பாடு: இல்லை

காலை ஆறு மணிக்கு ஒடுவன்குறிச்சியில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. கண்மாய்க்கரையில் நட்டிருக்கும் பலகையைத்தான் பார்ப்பார்கள். அதில் ஓர் எண் எரியும். எண் பச்சையில் இருந்தால் டீக்கடையில் பேச்சும் சிரிப்பும் இருக்கும். மஞ்சளுக்கு வந்துவிட்டால் டீயைக் குடித்துவிட்டு அவரவர் கலைந்து போவார்கள். சிவப்பை இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த ஊர் பார்த்ததில்லை, போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும்.

இன்று புதன். எண் சிவப்பில் இருபத்திரண்டு. பலகைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்ற செவந்திக்கு அதைக் கல்லால் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்க முடியாது. அந்தப் பலகைக்கும் கண்மாய்க்கும் அவள்தான் களக் காவலர். இயற்கைச் சேவை ஆணையம் கொடுத்த பச்சைச் சட்டையைப் போட்டிருந்தாள்.

அந்தச் சட்டை வருவதற்கு முன்பே அவளுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. அவள் வீட்டார் நீர்பாய்ச்சிகள். மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பது அவர்கள் பொறுப்பு. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கரையில் நின்று வயல்காரர் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட வேண்டும். தன் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததும் அவர் அங்கிருந்து "வந்திருச்சு" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் வராமல் அடுத்த பெயரைக் கூப்பிடக் கூடாது. ஆணையம் வந்து மடையில் மோட்டார்க் கதவு வைத்து, பொத்தானை அமுக்கினால் போதும் என்றது. செவந்தி பொத்தானையும் அமுக்கினாள், கூப்பிடுவதையும் விடவில்லை.

எண்ணுக்குப் பெயர் உயிர்க்குறி. ஒரு நீர்நிலை இயற்கைக்கு என்ன சேவை செய்கிறது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் அளவு. மண்ணுக்குள் எவ்வளவு நீர் இறக்குகிறது, எத்தனை வகைத் தும்பியும் தவளையும் வாழ்கின்றன, நீர் எவ்வளவு தெளிவு, மேலே எவ்வளவு பசுமை என்று மிதவைமானிகளும் ட்ரோன்களும் இரவு பகலாக அளந்துகொண்டே இருக்கும். நாற்பதுக்குக் கீழே போனால் அந்தக் கண்மாய் 'ஓய்வு நிலை'. மடை மூன்று வருஷத்துக்குப் பூட்டு. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் திருப்பிவிடப்பட்டு அந்தத் தண்ணீர் நல்ல எண் வாங்கிய வேறு நீர்நிலைக்குப் போகும். ஊர்க்காரர்களை ஆணையம் நடுத்தெருவில் விடாது. நகரத்து ஓரத்தில் உணவு முகாம்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஓர் அறை, மூன்று வேளையும் பாசியிலிருந்து எடுத்த புரதக் கூழ். கெட்டுப்போகாது, ருசியும் இருக்காது.

மனிதன் தொட்டால் எண் இறங்கும் என்பது ஊருக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. குளிப்பது நின்றது. எருமைகள் தொட்டித் தண்ணீருக்குப் பழகின. வண்டல் அள்ளுவதை விட்டார்கள். மீன்பிடி என்ற பேச்சே போனது. கரையிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்று தங்கள் கண்மாயைத் தாங்களே வேடிக்கை பார்த்தார்கள். கேட்பாரில்லாத தண்ணீரில் ஆகாயத்தாமரை புகுந்து கரைக்குக் கரை மூடியது. பலகைக்கு அது பசுமை. எண் எழுபத்தெட்டுக்கு ஏறியது. அந்தத் தாமரைப் பாயின் கீழே கெளுத்தி மீன் செத்து மிதந்து நாறியபோது அது எழுபத்தொன்பது.

இந்த வருஷம் மடைவாயே அடைத்துக்கொண்டது. பொத்தானை அமுக்கினால் கதவு திறக்கிறது, தண்ணீர் வரவில்லை. செவந்தி ஆறு மனு போட்டாள். ஆறுக்கும் ஒரே பதில் வந்தது: "தங்கள் கண்மாயின் பசுமைப் போர்வை சிறப்பாக உள்ளது. தொடர்ந்து பேணவும்." ஆறாவது பதிலைப் படித்த அன்று அவள் பச்சைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு ஊரைக் கூப்பிட்டாள். ஞாயிறு காலையில் வீட்டுக்கு ஓர் ஆளாக இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று, பொழுது சாய்வதற்குள் ஆகாயத்தாமரையை வேரோடு வாரிக் கரையில் குவித்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கண்மாயில் வானம் தெரிந்தது. எண் இருபத்திரண்டு. மடைக்கதவு தானாக இறங்கிப் பூட்டிக்கொண்டது.

வயலில் நெல் கதிர்விட்டுப் பால் பிடித்து நின்றது. இன்னும் ஒரு தண்ணீர், மிஞ்சினால் இரண்டு, அவ்வளவுதான் கேட்டது. கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தது. அது ஐந்து நாளைக்குள் வயலுக்குப் போகாவிட்டால் அத்தனையும் பதர். பதரானால் ஊரோடு முகாம்.

எட்டு மணிக்கு ஆணையத்தின் வண்டி வந்தது. நேர் ஆய்வுக்கு யாரோ ஓர் இளநிலை அலுவலர் வருவார் என்று நினைத்திருந்தாள். இறங்கியவர் முனைவர் ஜெயசிங். உயிர்க்குறியைக் கண்டுபிடித்தவரே அவர்தான். தலை நரைத்திருந்தது, ஆனாலும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே கரையில் கூடாரம் போட்டு ஆராய்ச்சி செய்த மெலிந்த இளைஞர். ஊரே முறைவைத்து அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தது.

"நல்லா இருக்கீங்களா, செவந்தி?" என்றார்.

"பலகையப் பாத்துச் சொல்லுங்க சார், நல்லா இருக்கமா இல்லையான்னு."

அவர் பலகையைப் பார்க்கவில்லை. கரையில் குவிந்து காய்ந்து கிடந்த தாமரையைப் பார்த்தார். தண்ணீர் ஓரத்துக்குப் போய்க் குனிந்து கையை விட்டு அளைந்தார். கலங்கல் அடங்கியிருந்தது. காலடியில் குஞ்சு மீன்கள் கூட்டமாக விலகி ஓடின.

"சுத்தம் பண்ணியிருக்கீங்க," என்றார் மெல்ல.

"ஆமா சார். உங்க மெசினு நாங்க கண்மாயக் கொன்னுட்டோம்னு சொல்லுது."

"மேல்முறையீடு போடலாம். நானே பரிந்துரை எழுதறேன்."

"எத்தனை நாளாகும்?"

"பதினெட்டு மாசம்."

செவந்தி வாய்விட்டுச் சிரித்தாள். அதில் சந்தோஷம் ஒரு துளியும் இல்லை. "நெல்லுகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க சார், பதினெட்டு மாசம் பொறுத்துக்கன்னு."

அவர் தன் தொடுதிரைக் கைப்பலகையைத் திறந்து மேல்முறையீட்டுப் படிவத்தை எடுத்தார். உயிர்க்குறிக்கு ஆதாரமான அடிநிலைச் சான்று அதோடு இணைந்து வந்தது. ஆரோக்கியமான கண்மாய் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று முதன்முதலில் அளந்து எழுதிய சான்று. எல்லாக் கண்மாய்களையும் அதோடு ஒப்பிட்டுத்தான் எண் போடுகிறார்கள். தலைப்பில் ஒடுவன்குறிச்சியின் பெயர் இருந்தது. செவந்தி எட்டிப் படித்தாள். தும்பி முப்பத்தொரு வகை. தவளை ஒன்பது. தெளிவு, மிக நன்று. கடைசி வரியில் அவள் கண் நின்றுவிட்டது.

மனிதப் பயன்பாடு: இல்லை.

"இது என்ன சார்?"

"அளந்த நாள்ல கண்மாய மனுஷங்க பயன்படுத்தினாங்களான்னு கேக்கற வரி."

"இல்லைன்னு எழுதியிருக்கீக."

"அந்த நாப்பது நாளும் யாரும் இறங்கலையே, செவந்தி. ஒரு மாடுகூட இறங்கல. நான் பாத்ததத்தான் எழுதினேன்."

அந்த நாற்பது நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தமுக்கு அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனது அவள்தான். அப்போது வயது இருபத்திரண்டு. நம் ஊரைத் தேடிப் படித்தவர் வந்திருக்கிறார், கருவி எல்லாம் தண்ணீரில் மிதக்கிறது, கலக்கிவிட்டால் அவர் பாடு வீண், நாற்பது நாளைக்கு யாரும் இறங்க வேண்டாம் என்று கத்தினாள். ஊர் கேட்டது. கோடை வெயிலில் அறுபது எருமைகளைக் கரையில் கட்டிப்போட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றினார்கள். அந்த வருஷத்து மீன்பிடியையே தள்ளிவைத்தார்கள். அவர் புறப்படும்போது மரியாதைக்கு மாலை வேறு போட்டார்கள்.

"நீங்க வர்றதுக்கு முந்தின நாள்வரை இந்தத் தண்ணிக்குள்ளதான் சார் கெடந்தோம்," என்றாள். "குளிச்சோம், வண்டல் அள்ளினோம், மீன் புடிச்சோம். அந்த முப்பத்தொரு தும்பியும் நாங்க கலக்கின தண்ணியில பொழச்சதுதான். உங்க கருவி கெட்டுப்போயிரக் கூடாதேன்னு வெலகி நின்னோம். ஏன் ஒருத்தரும் இறங்கலன்னு ஒரு வார்த்த கேட்டீகளா? எங்க சோத்தத்தான தின்னீக?"

ஜெயசிங் கைப்பலகையைப் பார்த்தபடியே நின்றார். "கேக்கல," என்றார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. சுத்தமா வச்சுக்கற ஊர்லதான் எண் எறங்குது, கைவிட்ட ஊர்ல ஏறுது. தெரிஞ்சுது."

"தெரிஞ்சு?"

"அடிநிலையைத் திருத்த என்னாலதான் முடியும். நான்தான் கையெழுத்துப் போட்டவன். ஆனா இந்த ஒரு வார்த்தையத் திருத்தினா சான்றே செல்லாது. இதுவரைக்கும் மூடின எல்லாமே தப்புன்னு ஆயிடும்."

"எத்தனை மூடியிருக்கீக?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"ஆலங்கால் ஏந்தல்?"

"அதுதான் முதல்ல மூடினது."

ஆலங்கால் ஏந்தல் அவள் அக்கா மாரிக்கண்ணு வாழ்க்கைப்பட்ட ஊர். மூன்று வருஷம் என்று பூட்டிய மடை அங்கே அப்புறம் திறக்கவே இல்லை. பதினோரு வருஷமாக அக்கா திருச்சி முகாமில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். முதல் இரண்டு வருஷம் போனில் வயலைப் பற்றி விசாரிப்பாள். பிறகு அதைப் பேசுவதையே விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் போன் செய்தால் கூழ் எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்வாள். அக்காவை அங்கே கொண்டுபோய் வைத்தது ஆணையம் என்றுதான் செவந்தி இத்தனை நாள் நினைத்திருந்தாள். தமுக்கடித்த கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"திருத்துங்க," என்றாள்.

"செவந்தி, என் இருபது வருஷ வேலை இது."

"எங்க வேல எத்தன வருஷம்னு எந்தப் பலகையில சார் எரியுது? திருத்துங்க. இல்லன்னா இந்தக் கரையவிட்டு உங்க வண்டி நகராது."

கரையில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். எருமைக்காரர் சோலைமுத்து வண்டிக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜெயசிங் அவர்களைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு 'இல்லை' என்ற சொல்லை அழித்தார். விரல் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது.

"என்ன எழுத?"

"நடந்தத எழுதுங்க."

'உண்டு. அளவீட்டுக்காக ஊரார் நாற்பது நாள் விலகி நின்றனர். அதை நான் கேட்டறியவில்லை' என்று எழுதிக் கைரேகை வைத்தார்.

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பலகையில் இருபத்திரண்டு அணைந்தது. வேறு எண் வரவில்லை. கைப்பலகையில் அறிவிப்பு வந்தது: அடிநிலை செல்லாது. உயிர்க்குறி நிறுத்தம். மறு அளவீடு முடியும் வரை எல்லா மடைகளும் அந்தந்தக் களக் காவலர் பொறுப்பில். மடைப்பக்கம் பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது.

செவந்தி போய்க் கதவைத் தூக்கினாள். அடைப்பு நீங்கிய மடைவாயில் தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது. கரையேறி நின்று கூப்பிட்டாள். "சோலமுத்தண்ணே!" அவர் அதற்குள் வயலுக்கு ஓடியிருந்தார். சற்று நேரத்தில் அங்கிருந்து "வந்திருச்சு" என்ற குரல் உடைந்துபோய் வந்தது. அடுத்த பெயர். அதற்கும் பதில் வந்தது. மதியம் திரும்புவதற்குள் அத்தனை வயலுக்கும் பதில் வந்துவிட்டது. ஜெயசிங் போகவில்லை, யாரும் அவரைப் போகச் சொல்லவும் இல்லை.

ஊர்ப்பெயர்கள் முடிந்ததும் செவந்தி அவரிடம் வந்தாள்.

"அந்த முந்நூத்திப் பன்னெண்டும் உங்ககிட்ட இருக்குல்ல? வாசிங்க."

"எதுக்கு? அங்கெல்லாம் யாரும் இல்ல. காவலரே இல்ல, செவந்தி."

"வாசிங்க சார்."

அவர் பட்டியலைத் திறந்தார். "ஆலங்கால் ஏந்தல்."

செவந்தி கிழக்கே திரும்பினாள். அந்த ஊர் இருந்த திசை அது. கையை வாயோரம் குவித்து, வயிற்றிலிருந்து கூப்பிட்டாள். "ஆலங்கா ஏந்தலூ... மாரிக்கண்ணூ..."

வரப்பில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிழக்கே கருவேலங்காட்டுக்கு மேல் வெயில் ஏறிக் கிடந்தது. ஜெயசிங் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பட்டியலின் இரண்டாவது பெயரை வாசிக்க வாயைத் திறந்தார்.

"இருங்க," என்றாள் செவந்தி, கிழக்கேயிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் பதில் வரல."