வெளுக்காத கயிறு

"அப்பறம் ஏன்க்கா அது மட்டும் வெளுக்கல?"

வீராயி தலை நிமிராமல் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு கயிறப் பாரு. பதினஞ்சே நாளு, பாத்தரம் தேய்க்கிற நாராட்டம் ஆயிடுச்சு. உம் புள்ளைக்கு இன்னியோட நாப்பத்தொரு நாளு. இன்னும் கடையிலேர்ந்து வாங்கியாந்த மாரியே கெடக்குது. அவனுக்கு மட்டும் தனிச் சாயமா?"

"அவன் சுத்தமா வச்சிருப்பான்டி."

"ஆமாமா, தெனம் சோப்புப் போட்டுத் தொவைக்கிறான்."

"ஒரு புள்ள திருந்துனா உனக்குப் பொறுக்கலியா சுடரு?"

"ஐய, நான் என்னா சொல்லிட்டேன். கயிறத்தான சொன்னேன்." சுடர்விழி சிரித்துக்கொண்டே முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். வீராயியின் விரல்கள் உரித்த காயையே மறுபடி உரித்தன.

வைத்திக்குப்பத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, சுண்ணாம்பு உதிர்ந்த பழைய மாடிவீடு அது. குடியை விட நினைத்தவர்களையும், வீட்டார் இழுத்துக்கொண்டு வந்து விட்டவர்களையும் கலியபெருமாள் அங்கே ஒரு மண்டலம் தங்க வைப்பார். அவரே ஒரு காலத்தில் மில் கேட்டிலிருந்து நேராகச் சாராயக்கடைக்கு நடந்தவர்தான். அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார வைத்து வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். நாற்பத்தெட்டு நாள் அதைக் கழற்றக் கூடாது. தினமும் சாயங்காலம் எல்லோரையும் கடலில் முக்கி எடுத்து அழைத்து வருவார். அந்த உப்பில் எந்தக் கயிறும் பத்து நாளில் சாம்பல் நிறமாகிவிடும். போக்கிடம் இல்லாத பெண்களுக்குப் பின்கட்டில் இரண்டு அறைகள் இருந்தன. வீராம்பட்டினத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த வீராயி மகனோடு வந்து அங்கேயே தங்கி, வீட்டுக்கே சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

புதிதாக வருபவர்களை முதல் மூன்று நாள் பின்கட்டின் கடைசி அறையில் வைத்துப் பூட்டுவார்கள். உதறலும் கத்தலும் அங்கேயே முடியட்டும் என்று. நடுக்க அறை என்றே அதற்குப் பெயர். அதில் கடைசியாக இருந்தவன் வீராயியின் மகன் விமல்ராஜ். நாலாம் நாள் விடிந்தபோது அவன் அடுக்களை வாசலில் உட்கார்ந்து, "அம்மா, காப்பி தர்றியா?" என்று கேட்டான். அன்றைக்கே அடித்த மழையில் அந்த அறையின் கூரைக்காரை விழுந்தது. பூட்டு பூட்டியபடியே இருக்க, புதியவர்களை முன்பக்க அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. விடியுமுன் எழுந்து வாசல் பெருக்கினான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். பதினோரு வருஷமாக அவளை 'ஏய்' என்றும் அதைவிட மோசமாகவும் கூப்பிட்டவன், இப்போது அம்மா என்றுதான் வாயெடுத்தான். அவன் திருகி உடைத்துக் கோணலாகச் சேர்ந்துபோன அவளுடைய இடது மணிக்கட்டை ஒரு நாள் எடுத்துப் பார்த்து, "இது எப்புடிம்மா ஆச்சு?" என்று கேட்டான். மறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். குடிகாரர்களுக்கு எத்தனையோ மறந்துபோகும். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. கூடத்தில் பாய்களில் கிடந்த ஆண்கள் வேர்த்துப் புரண்டார்கள். வேர்வையும் தேங்காயெண்ணெயும் காயாத துண்டுகளின் உப்பு வாடையும் கலந்து கூடம் முழுக்கப் புழுங்கிக்கொண்டிருந்தது. வீராயி கையில் விசிறியை வைத்துக்கொண்டு, வீசத்தான் வந்தவள்போல மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் மட்டும் மல்லாந்து, இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்து, அசையாமல் தூங்கினான். நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. குனிந்து அவன் தலையை மோந்து பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பழகிய அந்த வாடை இல்லை. எந்த வாடையும் இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டுக்குக்கூட ஒரு வாடை இருக்கும்.

மெல்ல அவன் மணிக்கட்டைத் திருப்பினாள்.

இந்தக் கயிறு கட்டிய அன்று நாலு பேர் அவனைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படியும் குனிந்து பல்லால் கடித்தான். இரண்டு இழைகள் அறுந்தன. கலியபெருமாள் திட்டிக்கொண்டே அந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரே முடிச்சுதான் இருந்தது. ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

"என்னம்மா தேடற?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"ஒண்ணுமில்லப்பா."

"போய்ப் படும்மா. ரொம்ப அசந்துபோயிருக்க."

நாலரை மணிக்குக் கலியபெருமாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று விசில் ஊதினார். வீராயி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு தங்கச்சி. புளி தீந்துடுச்சா?"

"நாலாம் நாளு காலையில விமல நீங்கதான தொறந்து உட்டீங்க?"

"நானா? நீதான தொறந்த? சாவிக்கொத்து உன் இடுப்புலதான கெடக்குது."

"நான் அப்ப தூங்கிட்டேன்ண்ணே. விடிஞ்சப்பறந்தான் எழுந்தேன்."

அவர் சிரித்து, அம்மன் படம் இருந்த பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்ப ஆத்தாதான் தொறந்திருப்பா. இன்னும் ஏழே நாளு. வர்ற ஞாயித்துக்கெழம கயித்தக் கடல்ல உட்டுட்டு, புள்ளைய இட்டுக்கிட்டு ஊட்டுக்குப் போவப் போற. கண்டத யோசிக்காத."

வரிசையாக எல்லோரும் போனார்கள். புருஷனின் மாற்றுச் சட்டையை எடுத்துக்கொண்டு சுடர்விழியும் போனாள். கடைசியாகப் போன விமல்ராஜ் கேட்டருகில் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். இனிமையான சிரிப்பு. அந்த முகத்தில் அவள் முன்பு கண்டதே இல்லாத சிரிப்பு.

வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். உலையில் அரிசி கொதிக்கும் சத்தமும், தெருமுனையில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பும் சத்தமும், அவற்றுக்கு அடியில் ஓயாமல் கடலும் கேட்டன. அவள் அடுப்பைத் தணித்துவிட்டு அம்மன் படத்துக்கு முன்னால் நின்றாள். மூன்றாம் நாள் இரவும் இங்கேதான் நின்றாள். பின்கட்டிலிருந்து அவன் கதவை உதைத்துக்கொண்டிருந்தான். அழுதான், கெஞ்சினான், அவள் பிறப்பையும் வளர்ப்பையும் சொல்லித் திட்டினான், மறுபடி அழுதான். மூன்று நாளாக அவள் கண் மூடவில்லை. மூன்று நாள்தானா, பதினோரு வருஷம். சுவரைப் பிடித்துக்கொண்டு வேண்டினாள்.

இந்தப் புள்ள எனக்கு வேணாந் தாயே. என்னால முடியல. வேற புள்ள குடு. இதே மொகம் இருந்தாப் போதும்.

வேண்டி முடித்ததும் உதைக்கும் சத்தம் நின்றது. அவள் அங்கேயே சுருண்டு படுத்து, இடுப்பில் சாவியோடு, கனவில்லாமல் தூங்கினாள்.

பின்கட்டு நடையில் வெளிச்சம் குறைந்திருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. அவள் வழக்கமாகப் பாத்திரம் கழுவும் குழாயடியைத் தாண்டி, அதற்கப்பால் இத்தனை நாளும் போகாத நாலடி தூரத்தைச் சுவரைத் தொட்டுக்கொண்டே கடந்தாள். கதவு. பூட்டு. பூட்டின் மேல் துரு.

நகம் மரத்தில் இழுபடும் சத்தம். ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

எலி என்று நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை. இந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. பாத்திரம் கழுவும்போதெல்லாம் கேட்டிருக்கிறாள். கேட்டு, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறாள். தினமும்.

"யாரு?"

சத்தம் நின்றது.

"யாரு உள்ள?"

மூச்சு. தரையோடு தரையாக, காய்ந்துபோன தொண்டையிலிருந்து ஒரு மூச்சு.

"ஏய்."

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஏய் கெழவி. தொற."

உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிட ஒருவன்தான் இருந்தான். அவள் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி. அதன் வழியாக முதலில் தூசு வந்தது. பிறகு விரல்கள். நுனியில் நகம் இல்லை. தோல் எலும்போடு உலர்ந்திருந்தது. விரல்களுக்குப் பின்னால் புறங்கை. அதற்குப் பின்னால், சுள்ளிபோல ஆகிவிட்ட மணிக்கட்டில், ஒரு கயிறு.

அழுக்கும் தூசும் ஏறிச் சாம்பல் நிறம்.

இரண்டு முடிச்சு.

இரண்டு இழைகள் அறுந்து தொங்கின.

"அம்மா," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து. அந்தச் சொல் அதற்கு வராமல் வந்தது. "பசிக்குதும்மா."

முப்பத்தெட்டு நாள். அவள் மனசு அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றது. முப்பத்தெட்டு நாள் சோறில்லாமல், தண்ணீரில்லாமல் எது உயிரோடு இருக்கும்? எது அம்மா என்று கூப்பிடும்? விரல்கள் நீண்டு அவள் கால் பெருவிரலைத் தொட்டன. பிடித்துக்கொண்டன. சின்ன வயதில் சந்தைக் கூட்டத்தில் அவள் புடவையைப் பிடித்துக்கொள்வானே, அப்படி. அவள் கை இடுப்புக்குப் போயிற்று. சாவிக்கொத்தை உருவியது. சாவிகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன.

வாசலில் கேட் திறந்தது.

இன்னும் யாரும் திரும்புகிற நேரமில்லை. பேச்சுச் சத்தம் இல்லை. செருப்புச் சத்தம் இல்லை. கூடத்தைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி வெறுங்கால்கள் அவசரமில்லாமல் வந்தன.

அவள் காலைப் பிடித்திருந்த விரல்கள் அசைவற்றுப் போயின. கேட்டுக்கொண்டிருந்தன.

அவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் பாதங்கள்தான் தெரிந்தன. கடலிலிருந்து வந்த பாதங்கள். ஈரமில்லை. ஒரு பொட்டு மணல்கூட ஒட்டியிருக்கவில்லை. விமல்ராஜ் அவள் பக்கத்தில் குந்தினான். கதவடியில் கிடந்த கையை அவன் பார்க்கவே இல்லை. அவளை மட்டும் பார்த்தான், அத்தனை அன்பாக. உடைந்து சேர்ந்த அவள் மணிக்கட்டை இடது கையால் மெல்லத் தடவிக்கொண்டே, வலது கையை விரித்து நீட்டினான். அரையிருட்டிலும் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது.

கதவுக்குப் பின்னால் மூச்சு நின்றிருந்தது.

"ரொம்ப அசந்துபோயிட்டம்மா நீ," என்றான். "சாவிய எங்கிட்ட குடு."