காலடி படாத கம்பளம்

ட்ரிங்... ட்ரிங்...!

இன்ஸ்பெக்டர் சந்திரமௌலி ரிசீவரை எடுத்தார்.

"ஐயா... தி.நகர்லேர்ந்து பேசுதேன்... ஜவுளிக்கடை சண்முகவேல் வீடு... அவுகளைக் கொன்னுட்டாக ஐயா!"

பெண் குரல். அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

ஜீப் பறந்தது.

ஹாலில் சண்முகவேல் மல்லாந்து கிடந்தார். பின்மண்டையில் காயம். சிவப்பு சிமெண்ட் தரையில் அதைவிடச் சிவப்பாக ஒரு கோடு. சோபாக்களுக்கு நடுவே பெரிய வெற்றிடம்.

அவர் மனைவி இசக்கியம்மாள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா காணோம்?"

"கம்பளம் ஐயா... பாரசீகக் கம்பளம்."

ஏட்டு கன்னியப்பன் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தான்.

"கம்பளத்துக்கா சார் கொலை? எங்கூட்ல கோரப்பாய்தான் கீது. நான் நிம்மதியா தூங்கிக்கினு கீறேன்!"

"சும்மா இருய்யா!"

சந்திரமௌலிக்கு அந்தக் கம்பளத்தைப் பற்றித் தெரியும். 1974-ல் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அதைத் தெரியாதவர்கள் குறைவு.

சண்முகவேல் நெல்லைச் சீமையிலிருந்து துண்டு மூட்டையோடு வந்தவர். உஸ்மான் ரோட்டில் கடை வைத்தார். வீடு கட்டினார். கார் வாங்கினார். அப்போதும் பெரிய மனிதர்கள் அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள்.

அப்புறம் அடையாறில் ஒரு வெள்ளைக்காரன் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறினான். அவன் சாமான்களின் ஏலத்தில் அந்தக் கம்பளம் வந்தது. ஈரானில் கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு நெய்தது. மாதுளை நிறம். நடுவே வெள்ளைப் பூக்கள்.

அதை வாங்கி விரித்தார் சண்முகவேல்.

அவ்வளவுதான்! வாசலில் நிறுத்தியவர்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஒரு ஜட்ஜ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தின் ஓரமாக நடந்து போனார். அன்று இரவு சண்முகவேலுக்கு சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

"யார் மேலேம்மா சந்தேகம்?"

இசக்கியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"திருவல்லிக்கேணி பீர் முஹம்மது... பழைய கம்பளம் வாங்கி விக்கிறவரு. இதைக் குடுங்க, குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. இன்னிக்குக் காலையில வந்திருந்தாரு..."

சாயங்காலத்துக்குள் பீர் முஹம்மது லாக்கப்பில் இருந்தார்!

"கம்பளம் எங்கேய்யா?"

"அல்லா மேல ஆணை சாப், நான் எடுக்கல."

பளார்!

இன்ஸ்பெக்டரின் கைதான். பீர் முஹம்மதுவின் உதடு கிழிந்தது.

"எடுக்கல சாப்! எத்தினி வாட்டி கேட்டாலும் எடுக்கல!"

"சரி... கொலை பண்ணினியா?"

பீர் முஹம்மது வாயைத் திறக்கவில்லை.

"கேட்கிறேன்ல? சண்முகவேலைக் கொன்னியா?"

அவர் சுவரைப் பார்த்தார். கண் கலங்கியது.

கன்னியப்பன் தலையைச் சொறிந்தான்.

"இன்னா சார் இந்தாளு? திருடலைன்னு கத்தறான். கொல்லலைன்னு மட்டும் சொல்ல மாட்டேன்றான்!"

சந்திரமௌலிக்கும் அதுதான் உறுத்தியது.

மறுநாள் காலை. பீர் முஹம்மதுவை விலங்கோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அதே வீட்டுக்கு வந்தார்.

சண்முகவேலின் உடல் பெரியாஸ்பத்திரியில். வீட்டில் அவர் கடைசியாகக் கழற்றிய சட்டை கொக்கியில் தொங்கியது. அதை எடுத்து மடிக்க யாருக்கும் கை வரவில்லை.

"அம்மா, கம்பளம் எவ்வளவு கனம் இருக்கும்?"

"ரெண்டு ஆள் வேணும் ஐயா தூக்க."

"பீர் முஹம்மது பஸ்ஸில் வந்தார். பஸ்ஸில் போனார். கூட ஆள் இல்லை. பஸ் ஸ்டாப் வெற்றிலைக்கடைக்காரர் பார்த்திருக்கார். வெறுங்கை!"

இசக்கியம்மாளின் முகம் வெளுத்தது.

"ஆமா, பஸ்ல இதை ஏத்த வுடுவானா? கூடைக்கே கண்டக்டர் லக்கேஜ் கேக்கறான்!" என்றான் கன்னியப்பன்.

சந்திரமௌலி குரலைத் தாழ்த்தினார்.

"கொலைக் கேஸும்மா. இவரைத் தூக்கில் போடுவாங்க. தெரிஞ்சதைச் சொல்லிடுங்க."

அவள் பீர் முஹம்மதுவைப் பார்த்தாள். வீங்கிய உதட்டைப் பார்த்தாள்.

எழுந்தாள். பக்கத்து அறைக்குள் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம்...

கம்பளம்!

"யாரும் திருடல ஐயா. நான்தான்..."

"நீங்களா!"

"நான் அடுப்படியில இருந்தேன். தொப்புன்னு சத்தம். ஓடியாந்தா அவுக கெடக்காக. உடம்பு கம்பளத்து மேல. தலை தரையில. ரத்தம் அந்த வெள்ளைப்பூவைப் பாத்து ஓடுது. நான்..."

கம்பளத்தின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அவுக தலையைத் தூக்கல ஐயா. கம்பளத்தை உருவினேன்! கறை பட்டா எந்திரிச்சு என்னை வைவாகளேன்னு... அவுக உசுரே அதுலதான். எனக்குந்தான் ஐயா. பெரிய வீட்டுப் பொம்பளைக அதைப் பாக்க வந்துதானே என்னையும் 'வாங்க'ன்னாக. சுருட்டி, தரையோட உருட்டிக்கிட்டே போயி, கட்டிலுக்குக் கீழ தள்ளிட்டு, அப்புறந்தான் தண்ணி மோந்துட்டு வந்தேன். கண்ணு நிலைகுத்திட்டு!"

"அப்போ திருட்டுன்னு ஏன் சொன்னீங்க?"

"வேலைக்காரி தாயம்மா உள்ள வந்தா. 'கம்பளம் எங்கம்மா?'ன்னா. புருஷன் சாவக்கெடக்கையில கம்பளத்தைப் பத்திரம் பண்ணினேன்னு எப்படிச் சொல்லுவேன்? 'கொன்னுட்டுத் திருடிட்டுப் போயிட்டாக'ன்னேன். 'யாரு?'ன்னா. காலையில வந்தவரு பேரு வாயில வந்துட்டு..."

ட்ரிங்... ட்ரிங்...!

ஹால் மூலையில் டெலிபோன். சந்திரமௌலி போய் எடுத்தார். பெரியாஸ்பத்திரி டாக்டர்.

"...சரி டாக்டர். ...நிச்சயமா? ...தேங்க்ஸ்."

ரிசீவரை மெல்ல வைத்தார்.

"அம்மா, இது கொலையே இல்லை. மாரடைப்பு. அவர் தரையைத் தொடறதுக்கு முன்னாடியே உயிர் போயிடுச்சாம். காயம் விழுந்ததில் பட்டது. நீங்க முதல்ல தண்ணி கொடுத்திருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது."

இசக்கியம்மாள் அழுகையை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு அது தெரியாதே ஐயா."

"இப்போ தெரிஞ்சுடுச்சே..."

"உசுரு இருக்குன்னு நெனச்சுக்கிட்டுத்தானே உருவினேன்!"



திடீரென்று விலங்குச் சங்கிலி குலுங்கியது. பீர் முஹம்மது விம்மினார்!

"அப்போ நான்தான் சாப்! நான்தான் கொன்னுட்டேன்!"

"யோவ்... நீ வேற என்னய்யா?"

"நேத்து காலையில ஒரு மூலையைத் திருப்பிப் பாத்தேன். அசல் காஷான் ஊர்ச் சரக்கு சாப்! ராஜாங்க வீட்ல கூட இப்டி கெடைக்காது. எனுக்கு வெறி புட்சிகிச்சி. 'முதலாளி, இது கையால போட்டது இல்ல, மெஷின்ல அடிச்சது, யாரோ உங்களை ஏமாத்திட்டான்'னு பொய் சொன்னேன். அப்டி சொன்னா சல்லிசா தள்ளிடுவாருன்னு பாத்தேன். அவுரு மூஞ்சியே மாறிப் போச்சு. நான் போயிக்கினே இருந்துட்டேன். செத்தாருன்னு கேட்டதுமே எனுக்கு அதான் தோணிச்சு, அந்த வார்த்தைதான் சாப் நெஞ்சை அடைச்சிருச்சு!"

லாக்கப்பில் அவர் ஏன் சுவரைப் பார்த்தார் என்று சந்திரமௌலிக்கு இப்போது புரிந்தது.



இசக்கியம்மாள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழி முழுக்க அந்த மனிதரின் தலையில் இறங்கிவிடும். அவள் மார்பிலிருந்து ஒரு பாறை உருண்டு போய்விடும். கணவன் செத்ததற்கு இன்னொருவரைக் காட்டிவிட்டு ஆயுசு முழுக்கத் தூங்கலாம்.

தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாய்... நீங்க அழாதீங்க."

"அம்மா..?"

"நீங்க அந்தப் பக்கம் போனதும் அவுக அடுப்படிக்கு வந்தாக. சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி! 'இசக்கி, பீரு என்கிட்டயே வியாபாரம் பழகுதான் பாரு! நான் தறிக்காரன்கிட்ட துணியை மட்டம் தட்டி வெலை பேசுத மாதிரியே பேசுதான். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன், பாவம், நம்பிட்டான்'னாக. ஒங்க வார்த்தையை அவுக ஒரு நிமிசம் நம்பல பாய். சிரிச்சுக்கிட்டேதான் ஹாலுக்குப் போனாக."

பீர் முஹம்மது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏமாற்றப் போன இடத்தில் ஏமாந்து வந்திருக்கிறார். இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அது வேறு அழுகை.

"இதை நீங்களே எடுத்துட்டுப் போங்க பாய். என்னால இனிமே பாக்க முடியாது."

"வேணாம்மா... என்னாலயும் முடியாது."

சந்திரமௌலி விலங்கைத் தாமே அவிழ்த்தார். அந்தக் கிழிந்த உதட்டை நேராகப் பார்க்க முடியவில்லை.

"பீர் முஹம்மது... நேத்து நான் கை வெச்சது..."

"வுடுங்க சாப். பொய் சொன்ன வாய்தானே!"

"பொய்ப் புகார் குடுத்தேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க ஐயா" என்று இசக்கியம்மாள் கைகளை நீட்டினாள்.

கன்னியப்பன் விலங்கை வைத்துக்கொண்டு முழித்தான்.

"இன்னா சார் இது? ஆளாளுக்கு நான்தான் நான்தான்னு வரிசையில நிக்கறாங்கோ! நான் யாரைத்தான் இட்டுக்கினு போறது?"

சந்திரமௌலி குனிந்து பார்த்தார். பாதி விரிந்து கிடந்தது கம்பளம். வெள்ளைப் பூவில் ஒரு சொட்டுக் கறை இல்லை. அதன் ஓரத்தில் போலீஸ் பூட்ஸ் ஒரு ஜோடி... எப்போது கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை!

"இந்த வீட்ல ஒரு தப்பும் பண்ணாத மாதிரி படுத்துக் கிடக்கே, அதைக் கூட்டிட்டுப் போய்யா!"

கன்னியப்பன் கம்பளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"சரி சார்... எந்த மூலையில விலங்கு மாட்டறது?"